பெங்களூரில் வக்கீலும் கட்சிக்காரரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பக்கமிருந்து கோர்ட்டுக்கு அலைகிற தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்தவன். இங்கே சட்டம், விதி என்று வருவதெல்லாம் பெரும்பாலும் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்திலிருந்தும், அதன் கீழ் இந்திய பார் கவுன்சில் (வக்கீல்களைப் பதிந்து கட்டுப்படுத்துகிற அமைப்பு) போட்ட தொழில் நடத்தை விதிகளிலிருந்தும் எடுத்தவை. இரண்டும் நாடு முழுவதற்கும் பொது. புகாரை எந்த ஊர் அலுவலகத்தில் கொடுப்பது என்பதுதான் மாறும்.

கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறார். வக்கீல்தானா என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

பதிவு எண்ணைக் கேளுங்கள். கர்நாடகத்தில் பதிந்தவர்களுக்கு ‘கே.ஏ.ஆர்’ என்று தொடங்கி, ஒரு எண், பிறகு பதிந்த ஆண்டு என்று இருக்கும். கேட்டால் எந்த நல்ல வக்கீலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பார் கவுன்சில் அடையாள அட்டையிலும், உங்களுக்காக ஆஜராக நீங்கள் அதிகாரம் கொடுக்கிற வக்காலத்திலும் அந்த எண் இருக்கும்.

நம் ஆட்கள் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. தமிழ் பேசுகிறார் என்பதற்காக நாம் தேடிப் பிடிக்கிற வக்கீல் பலர் தமிழ்நாட்டில் பதிந்தவர்கள். ஓசூரிலும் வழக்கு நடத்துவார்கள், இங்கேயும் வருவார்கள். அதில் தவறில்லை. ஆனால் பின்னால் புகார் என்று வந்தால், அவர் பெயர் எந்த மாநிலப் பட்டியலில் இருக்கிறதோ அந்த மாநில பார் கவுன்சிலுக்குத்தான் அது போக வேண்டும். பெங்களூரில் நடந்த விஷயமாக இருந்தாலும் சென்னைக்கு எழுத வேண்டிவரலாம். அதனால் எண்ணை முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். ஒருவர் தேடி வந்து, “கையில் காசு வேண்டாம், காம்பன்சேஷன் வந்ததும் இருபது பர்சென்ட் கொடுங்கள்” என்கிறார். சரிதானா?

இரண்டு வகையில் சரியில்லை.

முதலாவது, வக்கீல் ஆள் வைத்தோ தானாகவோ கேஸ் பிடிக்கக் கூடாது. விளம்பரமே கூடாது என்பதுதான் விதி. 2008இல் அதைக் கொஞ்சம் தளர்த்தி, இணையதளத்தில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு பார்க்கிறார் என்ற அளவுக்குப் போட அனுமதித்தார்கள். வார்டு வாசலில் நிற்கிற ஏஜென்ட் அந்தத் தளர்வில் வரமாட்டார்.

இரண்டாவது, வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதும், கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பதும் விதிப்படி கூடாது. வெளிநாட்டில் இது சாதாரணம் என்று சிலர் சொல்வார்கள், இங்கே இல்லை. தெலங்கானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் இதைப் பளிச்சென்று சொன்னது. கணவரை விபத்தில் இழந்த பெண்ணிடம், கிடைத்த நஷ்டஈட்டில் சதவீதக் கணக்குப் போட்டு வக்கீல் பணம் கேட்டார். செக் வாங்கி, அது திரும்பியதும் செக் மோசடி வழக்கும் போட்டார். அந்த வழக்கையே நீதிமன்றம் ரத்து செய்தது.

நடைமுறையில் இந்த ஊரில் பர்சென்ட் பேச்சு இல்லாமல் விபத்து வழக்கு நடப்பது அபூர்வம் என்பதும் எனக்குத் தெரியும். கையில் பைசா இல்லாதவருக்கு வேறு வழி தெரிவதில்லை. அவர்களுக்காகத்தான் இலவச சட்ட உதவி இருக்கிறது. அது கீழே வருகிறது. எப்படியானாலும் நஷ்டஈட்டுத் தொகை போகிற வங்கிக் கணக்கின் பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் உங்கள் கையில் இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட வெற்று செக் யார் கையிலும் இருக்க வேண்டாம்.

ஃபீஸுக்கு உச்சவரம்பு உண்டா? ரசீது தருவார்களா?

நீங்களாகப் பேசி முடிவு செய்கிற ஃபீஸுக்கு, எல்லோரையும் கட்டுப்படுத்தும் விலைப்பட்டியல் கிடையாது. அவருடைய அனுபவத்துக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று மட்டும் விதி சொல்கிறது. ஆனால் கணக்கு வைப்பது அவர் கடமை. உங்களிடம் வாங்கியதில் எது ஃபீஸ், எது கோர்ட் செலவு என்று தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். நகல் எடுக்கும் செலவைக் கொடுத்துக் கணக்கைக் கேட்டால் தர வேண்டும். உங்கள் சார்பில் வந்த பணத்தை “கடனாக வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்ல முடியாது. உங்களுக்கு அவர் கடன் கொடுப்பதும் கூடாது.

ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தால் ஜிபே, ஃபோன்பேயில் அனுப்புங்கள். குறிப்பில் ‘கோர்ட் ஃபீஸ்’ அல்லது ‘வக்கீல் ஃபீஸ்’ என்று ஒரு வார்த்தை போதும்.

வக்காலத்திலும் சில வெற்றுத் தாள்களிலும் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

வக்காலத்தில் போடத்தான் வேண்டும். அது இல்லாமல் அவர் உங்களுக்காக ஆஜராக முடியாது. வெற்றுத் தாளில் வேண்டவே வேண்டாம். யார் கேட்டாலும், எவ்வளவு அவசரம் என்றாலும் வேண்டாம்.

எங்கள் ஆபீசுக்கு ஒருமுறை ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா பழைய கட்டோடு வந்தார். கட்டைப் பிரித்தால், அடியில் அவர் கையெழுத்து மட்டும் இருக்கிற பச்சை லெட்ஜர் தாள் நாலைந்து. மேலே ஒரு வரிகூட இல்லை. “அடுத்த டேட்டுக்கு அஃபிடவிட் (சத்தியப் பிரமாணம்) போடணும், நீங்க அலைய வேண்டாம்னு வாங்கி வெச்சாங்க” என்றார். கெட்ட எண்ணமில்லாமல், அலைச்சலைக் குறைக்கவே வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் வீட்டை விற்கச் சம்மதம் என்றும் எழுதலாம், வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்றும் எழுதலாம்.

கற்பனை செய்து சொல்லவில்லை. ராஜஸ்தானில் வாடகைக் கட்டடம் பற்றிய வழக்கு ஒன்றில், கட்சிக்காரர் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுத் தாள் சமரச மனுவாக மாறிக் கோர்ட்டுக்குள் போனது. கட்சிக்காரருக்கு விஷயமே தெரியாது. 2000இல் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையான தொழில் ஒழுங்கீனம் என்றது. அஃபிடவிட் விஷயத்திலும் அப்படித்தான். கையெழுத்துப் போடுகிறவர் எதிரில் இல்லாமலேயே “என் முன்னிலையில் கையெழுத்திட்டார்” என்று சான்று கொடுத்த ஒரு வழக்கறிஞரை 1984இல் ஐந்து ஆண்டு இடைநீக்கம் செய்தார்கள்.

வக்காலத்தில் மூன்றைப் பாருங்கள்: எதிர்க்கட்சி பெயர், கோர்ட் பெயர், எந்தெந்த வக்கீல்களின் பெயர். அச்சடித்த படிவத்தில் சமரசம் செய்யவும், வழக்கை வாபஸ் பெறவும், பணம் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் தருவதாக ஒரு வரி வழக்கமாக இருக்கும். அது வேண்டாம் என்றால் அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடலாம். முதல் நாளே இதைப் பேசிவிடுவது நல்லது.

பேப்பர் எல்லாம் இங்கிலீஷ், இல்லாவிட்டால் கன்னடம். எனக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும்.

இந்த ஊர்த் தமிழரின் பெரிய சிக்கல் இதுதான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் பேசுவோம், படிக்க வராது. வழக்கு மனுவின் கடைசியில் “மேலே சொன்னவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை” என்று கையெழுத்துப் போடுவது நீங்கள், வக்கீல் இல்லை. குறுக்கு விசாரணையில் “இப்படி எழுதிக் கொடுத்தீர்களா?” என்று கேட்டால், “வக்கீல் எழுதினார், எனக்குத் தெரியாது” என்ற பதில் உங்கள் கேஸைத்தான் கெடுக்கும்.

அதனால் கையெழுத்துக்கு முன் தமிழில் வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள். ஜூனியரோ குமாஸ்தாவோ சொன்னாலும் சரி. அஃபிடவிட்டில் ‘எனக்குத் தமிழில் படித்து விளக்கப்பட்டது’ என்ற வரி சேர்க்கச் சொல்லலாம். மொழி தெரியாதவருக்கு அப்படிச் சேர்ப்பது வழக்கமும்கூட. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அன்று ராத்திரியே படித்துக் காட்டும். சாட்சிக் கூண்டில் தமிழில்தான் பேச முடியும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மொழிபெயர்க்க ஏற்பாடு கேட்கலாம்.

“வாய்தா போட்டாச்சு” என்றே சொல்கிறார். வழக்கு உண்மையில் நடக்கிறதா?

நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் உண்டு. அதை ‘ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ செயலியிலோ இணையதளத்திலோ போட்டால் அடுத்த தேதி, இதுவரை நடந்தது, எந்தக் கோர்ட் ஹால் எல்லாம் வரும். எண்ணைத் தராமல் ஒரு வக்கீல் இழுத்தடித்தால் அங்கேயே யோசிக்க வேண்டும். பெயரை வைத்தும் தேடலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் சிட்டி சிவில் கோர்ட்டிலோ மேயோ ஹாலிலோ, வழக்கு எங்கே இருக்கிறதோ அங்கே, கட்சிக்காரர் என்ற முறையில், ஒவ்வொரு தேதியிலும் நடந்ததைக் கோர்ட் எழுதிவைக்கிற ஆர்டர் ஷீட்டுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

செயலி இல்லாத காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். சென்னையில் காது கேளாத ஒரு முதியவரும் அவர் மனைவியும், 15,000 ரூபாய்க்கு ஒன்றும் 5,000 ரூபாய்க்கு ஒன்றுமாக இரண்டு புரோநோட்டுகளை வசூலுக்காக ஒரு வக்கீலிடம் கொடுத்தார்கள். செலவுக்குப் பணமும் கொடுத்தார்கள். வழக்கு நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நடக்கவே இல்லை. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், இடைநீக்கக் காலத்தில் அந்த வக்கீல் இலவச சட்ட உதவி வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார். தண்டனை போதுமா என்று அப்போதும் விவாதம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. முதியவர்கள் சொன்னதை விசாரித்தவர்கள் நம்பினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

வக்கீல் போகாமல் விட்டு, எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை, ஆனால் ஓடுங்கள். எக்ஸ்பார்ட்டி டிக்ரியை, அதாவது நம் பக்கம் யாரும் வராததால் ஒருதலையாகக் கொடுத்த தீர்ப்பை, ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான். தாமதமானால் காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும். வக்கீலின் தவறுக்கு ஒன்றும் அறியாத கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத கட்சிக்காரருக்கு அந்த இரக்கம் எப்போதும் கிடைப்பதில்லை.

ஃபீஸ் பாக்கி என்று கட்டைத் தர மறுக்கிறார்.

தர மறுக்க முடியாது. 2000ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிணை போலப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, அது தொழில் ஒழுங்கீனம். அவருக்கு நியாயமாகவே பாக்கி இருந்தால் அதற்குத் தனியாக சிவில் வழக்குப் போடலாம். வீட்டுப் பத்திரம், உயில் எல்லாம் இதில் சேரும். கர்நாடகத்திலேயே, பாதுகாப்புக்குக் கொடுத்த உயிலைத் திருப்பித் தராத வழக்கறிஞர் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டு, உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். ரிஜிஸ்டர் தபாலில் நாலு வரி போதும்: இன்ன வழக்கு, இன்னின்ன அசல் பத்திரங்கள் உங்களிடம் இருக்கின்றன, இத்தனை நாளில் தரவும். இனிமேல் அசலைக் கொடுக்கும்போதே பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆரம்பத்தில் ஜெராக்ஸ் போதும். அசலைக் கோர்ட்டில் காட்ட வேண்டிய நாள் வரும்போது கொண்டுபோகலாம்.

வக்கீலை மாற்றலாமா? ‘என்.ஓ.சி.’ தரமாட்டேன் என்கிறாரே.

எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பழைய வக்கீலின் சம்மதம் இல்லாமல் புதியவர் வக்காலத்து போடக் கூடாது என்று விதி இருப்பது உண்மை. ஆனால் சம்மதம் தராவிட்டால், காரணத்தைச் சொல்லிக் கோர்ட்டிடம் அனுமதி கேட்டு உள்ளே வரலாம் என்றும் அதே விதி சொல்கிறது. என்.ஓ.சி. தரமாட்டேன் என்பது பெரும்பாலும் பாக்கிப் பேரம்தான். நியாயமான பாக்கி என்றால் கொடுத்துவிட்டு நல்லபடியாகப் பிரிவது மேல்.

தலைகீழாக, அவரே நடுவில் விலகினால்?

போதுமான காரணம் இருக்க வேண்டும், உங்களுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும், செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்ப வேண்டும்.

என்னைக் கேட்காமல் எதிர்க்கட்சியோடு சமரசம் பேசி முடித்துவிட்டார்.

உங்கள் தெளிவான சம்மதம் இல்லாமல் உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் அண்ணன், மச்சான், ஏரியாத் தலைவர் சொன்னதைக் கேட்டு அவர் நடக்கவும் கூடாது. நீங்களோ, நீங்கள் அதிகாரம் கொடுத்தவரோ சொன்னால்தான் செல்லும். குடும்பச் சொத்து வழக்குகளில் ஃபீஸ் கொடுக்கிற தம்பியே கட்சிக்காரர் மாதிரி பேசுவார். கையெழுத்துப் போட்ட அக்கா ஓரமாக நிற்பார். வக்கீலுக்குக் கட்சிக்காரர் அந்த அக்காதான்.

நான் சொன்ன ரகசியத்தை வெளியே சொல்லலாமா?

கூடாது. வழக்கு முடிந்த பிறகும், வக்கீலை மாற்றிய பிறகும் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 132ஆம் பிரிவில் இது இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. என்னைப் போன்ற குமாஸ்தாக்களையும் மொழிபெயர்ப்பவர்களையும் சேர்த்தே அது கட்டுகிறது. சட்டவிரோதக் காரியம் ஒன்றைச் செய்வதற்காகவே ஆலோசனை கேட்டிருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்களுக்கு ஆலோசனை சொன்னவர் அதே வழக்கில் எதிர்க்கட்சிக்கு ஆஜராகவும் முடியாது.

இன்ன ஆளுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டால்?

செல்லாது. கோயம்புத்தூரில் போலீசாருக்கு எதிராகப் போட்ட அப்படிப்பட்ட தீர்மானத்தையொட்டி 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வக்கீல்களுக்கு ஸ்ட்ரைக் செய்யும் உரிமை இல்லை என்று 2002இலேயே சொல்லியாகிவிட்டது. இருந்தும் புறக்கணிப்பு நாட்கள் வரத்தான் செய்கின்றன. உங்கள் டேட் அன்று வந்தால் நீங்களாவது கோர்ட் ஹாலில் இருங்கள்.

கேஸ் தோற்றுவிட்டது. வக்கீல் மேல் புகார் கொடுக்கலாமா?

தோற்றதற்காக மட்டும் கொடுத்தால் நிற்காது. இரண்டு பக்கமும் வக்கீல் இருக்கிற இடத்தில் ஒரு பக்கம் தோற்றே தீரும். கவனக்குறைவு எல்லாமும் ஒழுங்கீனம் ஆகாது. பணத்தைச் சுருட்டியது, பொய் சொன்னது, கட்டைப் பிடித்து வைத்தது, எதிரியோடு சேர்ந்தது, வழக்கே போடாமல் போட்டதாகச் சொன்னது போன்றவைதான் புகாருக்குரியவை. கோபத்தில் எழுதுகிற புகார் பலவும் இந்த வித்தியாசத்தில் அடிபடுகிறது. கேட்கிற நிரூபணத்தின் அளவும் சாதாரண சிவில் வழக்கைவிட அதிகம், ஏனென்றால் ஒருவருடைய பிழைப்பையே பறிக்கிற விசாரணை அது.

சரி, புகார் எங்கே, எப்படி?

கர்நாடகத்தில் பதிந்தவர் என்றால் அம்பேத்கர் வீதியில், பழைய கே.ஜி.ஐ.டி. கட்டடத்தில் உள்ள கர்நாடக மாநில பார் கவுன்சிலில். வக்கீல் சங்கத்துக்குப் போகாதீர்கள். சங்கம் வேறு, கவுன்சில் வேறு. சங்கத்துக்குத் தண்டிக்கிற அதிகாரம் கிடையாது.

புகார் மனுவாக இருக்க வேண்டும். கையெழுத்தும், வழக்கு மனுவில் இருப்பது போல உண்மை என்ற உறுதிமொழியும் வேண்டும். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதினால் வேலை சுலபம். தேதி வாரியாகச் சுருக்கமாக எழுதுங்கள். பணம் அனுப்பிய ஆதாரம், வாட்ஸ்அப் பேச்சு, ரிஜிஸ்டர் தபால் ரசீது, ஈ-கோர்ட்ஸ் பக்கத்தின் நகல் எல்லாம் இணையுங்கள். திட்டுகிற வரிகளை எடுத்துவிடுங்கள். அவை பதில் சொல்கிறவருக்குத்தான் உதவும்.

முகாந்திரம் இருக்கிறது என்று கவுன்சில் நினைத்தால், மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அது புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், சில காலம் இடைநீக்கம் செய்யலாம், பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் விஷயம் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36-பி பிரிவு சொல்கிறது. இந்தக் காலக்கெடுவைக் கவுன்சில்கள் மதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தவும் செய்தது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலில் அப்பீல், அதன்பின் இன்னொரு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம்.

நடுவில் வக்கீல் பணத்தைக் கொடுத்து “வாபஸ் வாங்குங்கள்” என்பார். பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் வாபஸ் வாங்கியதாலேயே புகார் முடிந்துவிடாது என்று விதியே இருக்கிறது. முடிந்துவிடும் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கன்ஸ்யூமர் கோர்ட்டில் போட்டால் சீக்கிரம் கிடைக்காதா?

2024 மே 14 முதல் அந்தக் கதவு மூடிவிட்டது. வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்று அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டாக்டர் மேல் போடலாம், வக்கீல் மேல் கூடாது என்பது கட்சிக்காரர்களுக்குக் கசக்கத்தான் செய்கிறது, எனக்கும்தான்.

பார் கவுன்சிலும் உங்கள் பணத்தை வசூலித்துத் தருகிற இடம் இல்லை. பணம் திரும்ப வேண்டும் என்றால் சிவில் வழக்கு, பொதுவாக மூன்று வருடத்துக்குள். உங்களுக்கு வந்த நஷ்டஈட்டையோ டெபாசிட்டையோ எடுத்துக்கொண்டார் என்றால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். போலீசிலும் புகார் கொடுக்கலாம்.

வக்கீல் வைக்கவே வசதியில்லை.

பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டு சட்ட சேவைகள் ஆணையங்கள் சட்டம் இதைத் தருகிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாநில சட்ட சேவை ஆணையம் சித்தையா ரோட்டில் ‘நியாய தேகுலா’ கட்டடத்தில் இருக்கிறது. தொலைபேசி உதவிக்கு 15100. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்ற பேச்சை நம்பிப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மேலே சொன்ன நடத்தை விதிகள் எல்லாம் அவருக்கும் பொருந்தும். அவர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் ஆணையத்திடமே சொல்லலாம்.

வழக்கு நடக்கும்போது வக்கீல் இறந்துவிட்டார்.

அவருடைய வக்காலத்து அத்தோடு முடிந்தது. ஜூனியர் தானாக உங்கள் வக்கீல் ஆகிவிட மாட்டார்; வக்காலத்தில் அவர் பெயரும் இருந்ததா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த டேட்டுக்கு நேரில் போய் விஷயத்தைச் சொல்லி அவகாசம் கேளுங்கள், பொதுவாகக் கொடுப்பார்கள். காரியம் முடிகிற வரை பொறுத்து, பிறகு அவர் வீட்டிலோ ஆபீசிலோ பட்டியல் எழுதிக்கொடுத்துக் கட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.